பிள்ளை பிடிப்பவனும் மதத்தின் எதிரியும்

2018 மே மாதம் திருவள்ளூர் மாவட்டத்து மீனவ ஊரான பழவேற்காட்டில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவரை ஒரு கும்பல் அடித்தே கொன்றது. உடலைப் பாலத்தில் தொங்கவிட்டது. அவர் யார், எந்த ஊர், எதற்காக அந்தப் பக்கம் சுற்றினார் என்பது அடித்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை பிடிக்க வந்தவன் என்று யாரோ சொன்னார்கள். அது போதுமானதாக இருந்தது. அதே மாதம் 9ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லெட் கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்தின் 65 வயது மூதாட்டி அங்கேயே அடித்துக் கொல்லப்பட்டார். அதற்குச் சில நாள்கள் முன்பு குடியாத்தம் அருகே இந்தி பேசிய ஒருவருக்கும் இதே கதி.

மூன்று இடங்களுக்கும் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருந்தது வாட்ஸ்அப் செய்தி. வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது, பிள்ளைகளைத் தூக்குகிறது, எச்சரிக்கையாக இருங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள். அந்தக் கோடையில் தென்னிந்தியாவெங்கும் சுற்றிய காணொளி ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அட்டையைக் காட்டுவார்கள். கடைசிச் சில நொடிகளை யாரோ வெட்டி எறிந்தார்கள். அந்தக் கை யாருடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இந்த மூன்று சாவுகளிலும் மதம் இல்லை. இருந்தும் இணையவழி மதவாத தேசியத்தையும் தெரு வன்முறையையும் பற்றிப் பேச நான் பழவேற்காட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. மதம் சேராத நிலையில் ஒரு வதந்தி எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதைக் காட்டும் கொலை அது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், மதமும் அரசியலும் சேரும்போது கூடுதலாக என்ன வந்து சேர்கிறது என்பது பிடிபடும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். குப்பத்து மக்கள் படிப்பறிவு இல்லாதவர்கள், வந்ததையெல்லாம் நம்புகிறவர்கள், அதனால் அடித்துவிட்டார்கள் என்று அன்று பலரும் எழுதினார்கள். நான் இதை ஏற்கவில்லை. தோணிரேவு, ஜமீலாபாத், கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆண்கள் இரவில் ஏரிக்கும் கடலுக்கும் போய்விடுவார்கள். பெண்கள் விடியுமுன் கூடையோடு கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் கரையிலும் தெருவிலும் தாமாகத்தான் வளர வேண்டும். பிள்ளையைப் பற்றிய பயம் அங்கே யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தது அன்று. பாலம் கட்ட நரபலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற பேச்சு தமிழகக் கிராமங்களில் செல்போனுக்கு மிக மூத்தது.

அதற்கு மேல் இன்னொன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் மீனவர்களை வாரிக்கொண்டு போனது. எச்சரிக்கை உரிய நேரத்தில் கடலில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் அப்போது எழுந்த பெரும் கதறல். அதற்குப் பிறகு கடலோரமெங்கும் செல்போன் செய்தியின் மதிப்பே மாறிப்போனது. காற்று எவ்வளவு, அலை எவ்வளவு, முகத்துவாரம் திறந்திருக்கிறதா அடைத்துக்கொண்டதா, ஏலத்தில் இறால் என்ன விலை போகிறது என்பதெல்லாம் குழுவில் வருகிறது. அதை நம்பாமல் இருந்தால் படகு கவிழும், பிழைப்பு போகும். பிள்ளை பிடிப்பவன் செய்தியும் அதே குழுவில், அதே மாமன் மச்சான் கையிலிருந்து, அதே ‘உடனே எல்லோருக்கும் சொல்லுங்கள்’ என்ற குரலில் வந்தது. காலையில் வந்த புயல் எச்சரிக்கையை நம்பிய மனிதர் மாலையில் வந்த இந்த எச்சரிக்கையை மட்டும் எதை வைத்துச் சந்தேகிப்பார்? நம்பியது புரிந்துகொள்ளக்கூடியது. கொன்றதுதான் மன்னிக்க முடியாதது.

இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. பயந்த மனிதன் கதவைப் பூட்டுவான், பிள்ளையை மடியில் இருத்திக்கொள்வான், அதிகம் போனால் காவல் நிலையத்துக்குப் போன் போடுவான். அங்கிருந்து கட்டையை எடுப்பதற்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது: இவனை அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற உறுதி. பழவேற்காட்டில் அலைந்தவருக்குக் கேட்க நாதி இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அந்த உறுதியைச் சந்தர்ப்பம் கொடுத்தது. ஆனால், கொலை நடந்ததும் அது கலைந்துபோனது. போலீஸ் வந்தது, கைதுகள் நடந்தன. கொன்றவர்களுக்காக ஒரு கட்சியோ சங்கமோ தெருவுக்கு வரவில்லை. அவர்களை வீரர்கள் என்று யாரும் அழைக்கவில்லை. அந்த வதந்திக்குச் சொந்தக்காரர் இல்லை. அதனால் அடுத்த மழைக்காலத்துக்குள் அது வடிந்தும் போனது.

சொந்தக்காரர் உள்ள வதந்தி எப்படி இருக்கும் என்பதற்கு இன்னொரு மீனவரின் கதையைச் சொல்கிறேன். வங்கதேசத்தின் பிராமண்பாரியா மாவட்டத்தில் நாசிர்நகர் என்ற பகுதி. நீர்நிலைகள் நிறைந்த நாடு. அங்கே மீன் பிடித்துப் பிழைக்கும் இந்து இளைஞர் ஒருவர், எழுத்து வாசனை அதிகம் இல்லாதவர். 2016 அக்டோபர் இறுதியில் அவருடைய பெயரில் உள்ள ஃபேஸ்புக் கணக்கில் ஒரு படம் வந்தது. காபாவின் மீது சிவனின் உருவத்தை ஒட்டிய படம். ஊர்க்காரர்கள் அவரைப் பிடித்து போலீஸிடம் ஒப்படைத்தார்கள். அவர் தான் செய்யவில்லை என்றார். எப்படியோ, குற்றம் சாட்டப்பட்டவர் சட்டத்தின் கையில் இருக்கிறார். பயமோ கோபமோதான் காரணம் என்றால் விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 30 அன்று நாசிர்நகரில் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. வெளியூர்களிலிருந்து லாரிகளில் ஆள்கள் வந்து இறங்கினார்கள். கூட்டம் முடிந்து கலைந்தவர்கள் இந்துக்களின் வீடுகளையும் கோயில்களையும் அடித்து நொறுக்கினார்கள், கொள்ளையிட்டார்கள். அந்த மீனவரோ இரண்டு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டுத்தான் பிணையில் வெளியே வந்தார். அந்தப் படம் அவருடைய போனிலிருந்து போடப்பட்டதல்ல என்று தடயவியல் சோதனை சொன்னது. அதற்குள் கோயில்கள் உடைந்திருந்தன, குடும்பங்கள் ஊரை விட்டுப் போயிருந்தன.

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த லாரிகள். ஒரு ஃபேஸ்புக் படம் தானாக லாரி ஏற்பாடு செய்யாது. டீசலுக்கு ஒருவர் பணம் கொடுக்க வேண்டும், மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒருவர் சொல்லிவைக்க வேண்டும். பழவேற்காட்டில் பதற்றத்தில் கூடிய கும்பலுக்கும் நாசிர்நகரில் திரட்டப்பட்ட கும்பலுக்கும் உள்ள தூரம் அதுதான். அங்கே பெரும்பான்மை முஸ்லிம்கள், அடிபட்டவர்கள் இந்துக்கள். இலங்கையில் பெரும்பான்மை சிங்கள பௌத்தர்கள், மியான்மரில் பர்மிய பௌத்தர்கள், வட இந்தியாவில் இந்துக்கள். எந்த மதம் என்பது ஊருக்கு ஊர் மாறும், வேலை நடக்கும் விதம் மாறாது. இந்த நாடு எங்கள் மதத்துக்குரியது, மற்றவர்கள் இங்கே இருப்பது எங்கள் பெருந்தன்மையால் என்ற எண்ணம் ஆண்டுக்கணக்கில் ஊட்டப்பட்ட இடத்தில்தான் ஒரு படத்தால் தீ பிடிக்கிறது. பிள்ளை பிடிப்பவனுக்கு முகம் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவனைத் தேட வேண்டும். மதத்தின் எதிரிக்கு முகவரியே இருக்கிறது. அவன் கடை எது, வீடு எது, தொழுகை முடிந்து எந்தத் தெரு வழியாக வருவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இலங்கையின் அம்பாறையில் 2018 பிப்ரவரி 26 அன்று நடந்ததைத் தமிழர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவரின் சிறிய உணவகம். சாப்பிட வந்தவர் கறியில் ஏதோ கட்டியாகக் கிடக்கிறது என்று சத்தம் போட்டார். சிங்களரின் எண்ணிக்கையைக் குறைக்க முஸ்லிம்கள் உணவில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் பரவிக் கிடந்தது. கூட்டம் சூழ்ந்துகொண்டு, மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டது. கடைக்காரருக்குச் சிங்களம் சரியாக வராது. என்ன கேட்கிறார்கள் என்று முழுதாகப் புரியாமல், பயத்தில், அரைகுறையாக ஒப்புக்கொள்வதுபோல் ஏதோ சொன்னார். அந்தச் சில நொடிகள் போனில் பதிவாகி, ‘வாக்குமூலம்’ ஆகி, ஊரெல்லாம் ஓடின. கடை அடித்து நொறுக்கப்பட்டது. அருகிலிருந்த பள்ளிவாசலும் தப்பவில்லை. பிறகு அரசின் பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னார்: அது மாவுக் கட்டி.

ஒரு வாரத்துக்குள் கண்டி மாவட்டம் திகன எரிந்தது. வாகனத் தகராறில் தாக்கப்பட்ட சிங்கள லாரி ஓட்டுநர் இறந்துபோனதை வைத்து, ஃபேஸ்புக்கில் நேரலையாகவும் பதிவாகவும் ஆள்களை அழைத்தார்கள். முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்த வீடு ஒன்றுக்குள் ஓர் இளைஞர் பிணமாகக் கிடந்தார். அரசு அவசரநிலையை அறிவித்து, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சில நாள்கள் முடக்கியது. சிங்களத்தில் எழுதப்பட்ட கொலை மிரட்டல்களை அங்குள்ள ஆய்வாளர்கள் பலமுறை புகார் செய்தும், படித்துப் பார்க்க ஃபேஸ்புக்கிடம் போதிய சிங்களம் தெரிந்த ஆள்கள் இல்லை. தங்கள் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு 2020 மே மாதம் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து.

நம் நாட்டுக்கு வருவோம். 2014 ஜூன் 2 அன்று புனேயில், சிவாஜியையும் பால் தாக்கரேயையும் இழிவுபடுத்தும் படங்கள் ஃபேஸ்புக்கில் வந்தன என்று ஊர் கொதித்துக் கிடந்தது. தொழுகை முடித்து வந்த மென்பொருள் ஊழியர் ஒருவர் தாடியும் தொப்பியுமாகக் கும்பலின் கண்ணில் பட்டார். ஹாக்கி மட்டையால் அடித்துக் கொன்றார்கள். அந்தப் படங்களோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை. 2017இல் குற்றம் சாட்டப்பட்ட மூவருக்குப் பிணை கொடுத்த மும்பை உயர் நீதிமன்றம், இறந்தவரின் ஒரே தவறு அவர் வேறு மதத்தவர் என்பதுதான் என்றும், குற்றம் சாட்டப்பட்டவர்கள் மதத்தின் பெயரால் தூண்டப்பட்டவர்கள் என்றும் எழுதியது. அந்தக் காரணத்தையே அவர்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டு அதைக் கண்டித்து பிணையை ரத்து செய்தது. 2023 ஜனவரியில் புனே அமர்வு நீதிமன்றம் ஆதாரம் போதவில்லை என்று அனைவரையும் விடுவித்தது.

2015 செப்டம்பர் 28 இரவு, உத்தரப் பிரதேசம் தாத்ரி அருகே பிசாரா கிராமத்தில், ஒரு வீட்டில் பசு இறைச்சி இருப்பதாகக் கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் செங்கல்லால் அடித்துக் கொல்லப்பட்டார், இளைய மகனின் மண்டை உடைந்தது. மூத்த மகன் அந்த இரவில் நம் சென்னையில் இருந்தார். இந்திய விமானப் படை வீரர் அவர். அதன் பிறகு மாதக்கணக்கில் நாடு விவாதித்தது, வீட்டிலிருந்தது ஆட்டிறைச்சியா மாட்டிறைச்சியா என்பதை. இறைச்சி ஆய்வகத்துக்குப் போனது. மனிதனைக் கொன்றவர்கள் யார் என்ற கேள்வி, செத்தவன் வீட்டுச் சட்டியில் இருந்தது என்ன என்ற கேள்வியாக மாறியபோதே கொலையாளிகளின் தரப்பு வென்றுவிட்டது. அடுத்த ஆண்டு, கைதானவர்களில் ஒருவர் நோயால் இறந்தபோது அந்த ஊரில் அவருடைய உடல்மீது தேசியக் கொடி போர்த்தப்பட்டது.

பழவேற்காட்டுக்கும் பிசாராவுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கொடியில் பார்க்கிறேன். 2017 டிசம்பரில் ராஜஸ்தானின் ராஜ்சமந்தில் ஒருவர், மால்டாவிலிருந்து பிழைக்க வந்த முஸ்லிம் தொழிலாளியை வெட்டி எரித்து, அதைத் தன் உறவுக்காரச் சிறுவனை வைத்து வீடியோ எடுத்துப் பரப்பினார். சில நாள்களில் அவருடைய மனைவியின் வங்கிக் கணக்குக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்து பணம் வரத் தொடங்கியது. போலீஸ் கணக்கை முடக்க வேண்டியிருந்தது. ஜார்க்கண்டின் ராம்கரில் 2017இல் இறைச்சி வியாபாரி ஒருவரைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் பிணை கிடைத்து வெளியே வந்தவர்களுக்கு, 2018 ஜூலையில் அன்றைய ஒன்றிய அமைச்சர் ஜெயந்த் சின்ஹா மாலை அணிவித்தார். பின்னர் வருத்தம் தெரிவித்தார். ஆனால், அந்தப் புகைப்படம் போய்ச் சேர வேண்டிய செல்போன்களுக்கெல்லாம் போய்விட்டது. அடுத்த கும்பலில் நிற்கப்போகும் இருபது வயதுப் பையன் அந்தப் படத்தைப் பார்த்துதான் கணக்குப் போடுகிறான். அடித்தால் மாலை விழும், பணம் வரும், செத்தால் கொடி போர்த்துவார்கள்.

இதனால்தான் ‘பொய்ச் செய்தி’ என்ற பெயர் எனக்கு நிறைவளிப்பதில்லை. பொய்யைத் திருத்தினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஏராளமானோர் உண்மை சரிபார்ப்பில் உழைக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். தமிழ்நாடு அரசும் 2023இல் அதற்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. ஆனால், மாவுக் கட்டி என்று தெரிந்த பிறகு அம்பாறையில் யாரும் வெட்கித் தலைகுனியவில்லை. அவர்கள் மாத்திரையை நம்பியதால் அடிக்கவில்லை. அடிக்க விரும்பியதால் மாத்திரையை நம்பினார்கள். அந்த விருப்பத்தை வளர்த்து வைத்தவர்கள் மறைவாகவும் இல்லை. தம் பெயரிலேயே, தம் முகத்தோடு, பொதுவெளியில் பேசுகிறார்கள். ஹரியாணாவின் மோனு மானேசர் பசுக் காவல் என்ற பெயரில் வண்டிகளைத் துரத்துவதையும் ஆள்களைப் பிடிப்பதையும் யூடியூபில் போட்டுவந்தார். ஒரு லட்சம் சந்தாதாரர்களுக்கான வெள்ளிப் பட்டயத்தை அந்த நிறுவனம் அவருக்கு அனுப்பியது. 2023 பிப்ரவரியில் ராஜஸ்தானைச் சேர்ந்த முஸ்லிம்கள் இருவர் பிவானியில் வண்டியோடு எரிந்து கிடந்த வழக்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று நூஹ் கலவரம் வெடிப்பதற்கு முன்பு, அங்கே நடக்கவிருந்த மத யாத்திரையில் தானும் கலந்துகொள்வதாக அவர் வெளியிட்ட வீடியோ பதற்றத்தைக் கூட்டியது. வன்முறையைப் பற்றிய செய்தி இணையத்தில் பரவுவது ஒரு கட்டம். வன்முறையே இணையத்துக்காக நடத்தப்படுவது அடுத்த கட்டம். நாம் இரண்டாவது கட்டத்தில் இருக்கிறோம்.

தமிழ்நாட்டில் இதெல்லாம் நடக்காது என்று சொல்லிக்கொள்வது நமக்குப் பழகிவிட்டது. 2016 செப்டம்பரில் கோவையில் இந்து முன்னணிப் பிரமுகரின் இறுதி ஊர்வலத்தின்போது முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய வாட்ஸ்அப் ஒலிப்பதிவு பொன்னமராவதியைக் கலவர பூமியாக்கியது. அங்கே மதத்தின் இடத்தில் சாதி. 2023 மார்ச்சில் வேறு ஊர்களில் நடந்த சண்டைகளின் காணொளிகளை எடுத்து, தமிழகத்தில் பிகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று பரப்பினார்கள். இங்கே பிழைக்க வந்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையங்களுக்கு ஓடினார்கள். 2018இல் வடநாட்டான் வருகிறான் என்று நம்மைப் பயமுறுத்திய அதே வழி, ஐந்து ஆண்டுகளில் தமிழன் அடிக்கிறான் என்று அவர்களைப் பயமுறுத்தியது. 2025 பிப்ரவரியில் திருப்பரங்குன்றம் மலை குறித்த மதச் சர்ச்சையை வைத்துச் சமூக ஊடகங்களில் ஆள் திரட்டியதில் மதுரை மாவட்டத்தில் தடையுத்தரவு போட வேண்டியதானது. இதுவரை பெரும் விபரீதங்கள் தவிர்க்கப்பட்டிருக்கின்றன. அதற்கு நம் மண்ணின் மகிமை காரணம் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலான தருணங்களில் அரசு இயந்திரம் கும்பலின் பக்கம் நிற்கவில்லை, அவ்வளவுதான். அது மாறாது என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை.

பழவேற்காட்டை நினைத்தால் எனக்குக் கவலை வருவது இதனால்தான். டச்சுக்காரர் கோட்டை கட்டிய, போர்த்துகீசியர் மாதா கோயில் எழுப்பிய, அரபு வணிகர் வழிவந்த முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாக வாழும் ஊர். பெரிய பள்ளிவாசலும் மகிமை மாதா தேவாலயமும் பெருமாள் கோயிலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. சுற்றுலாக் கட்டுரைகள் இதை நல்லிணக்கம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். உள்ளே இருப்பவர்களுக்குச் சண்டை சச்சரவு தெரியும். ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை இங்கே பல தலைமுறைகளாக இருக்கிறது. பாடு உரிமை உள்ள தலைக்கட்டுகள் உண்டு, அது இல்லாதவர்களும் உண்டு. வலையில்லாமல் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்கள் உண்டு. முகத்துவாரம் அடைபட்டு ஏரி சுருங்கச் சுருங்க, எண்ணூர் பக்கம் துறைமுகங்கள் விரிய விரிய, மீன் குறைகிறது. எல்லைத் தகராறு கூடுகிறது. இதுவரை இவை வலைக்கான, தண்ணீருக்கான சண்டைகள். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, முடியாவிட்டால் மீன்வளத் துறைக்கும் கோட்டாட்சியருக்கும் போய், எப்படியோ ஒரு முடிவுக்கு வருகிற சண்டைகள். இதில் ஒரு கைகலப்பை யாரோ வெளியூர்க்காரர் படம் பிடித்து, ஒரு பக்கத்தின் மதத்தைத் தலைப்பாகப் போட்டு விடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதன் பிறகு அது ஏரியைப் பற்றிய சண்டையாக இருக்காது. பேசித் தீர்க்க ஊர்ப் பெரியவர்களின் கையிலும் இருக்காது. இறாலே சாப்பிடாத ஊர்களிலிருந்து அதற்கு ஆவேசக் கருத்துகள் வந்து குவியும். நாசிர்நகரும் மீனவர் நாடுதான்.

தடுக்க என்ன இருக்கிறது? நிறுவனங்களிடமிருந்து அதிகம் எதிர்பார்க்க நான் தயாரில்லை. 2018 கொலைகளுக்குப் பிறகு வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது, பின்பு உலகெங்கும். வதந்தியின் வேகம் குறைந்தது என்பது உண்மை; நல்ல காரியம். ஆனால், அமைப்பாகத் திரண்டவர்கள் ஐந்து பேருக்கு ஐந்து பேராக அனுப்பும் படையையே வைத்திருக்கிறார்கள். இந்தியில், வங்காளத்தில் வரும் வெறுப்புப் பேச்சைக் கண்டறியும் மென்பொருளே நெடுநாள் தங்களிடம் சரியாக இல்லை என்பதை ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் 2021இல் காட்டிக்கொடுத்தன. தமிழுக்கு என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று நம் அரசு அந்த நிறுவனங்களிடம் எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பதில் வாங்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து இனம், சாதி, சமூகம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணங்களால் கொலை செய்தால் தூக்கு அல்லது ஆயுள் என்கிறது. அந்தப் பட்டியலில் மதம் வெளிப்படையாக இல்லை. சமூகம், நம்பிக்கை என்பவற்றுக்குள் அதை வாதாடிக் கொண்டுவர வேண்டும். இவ்வளவு ரத்தத்துக்குப் பிறகும் அந்த ஒன்றை எழுதத் தயங்கியிருக்கிறார்கள். அதைவிட, அரசிடம் கணக்கே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2017இல் கும்பல் கொலை விவரங்களைத் திரட்டிவிட்டு, நம்பத்தக்கதாக இல்லை என்று கைவிட்டது.

கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைத்தது ஓர் இடத்தில். 2018 கோடையில் தெலங்கானாவின் கத்வால் பகுதியில், புழுக்கத்திலும் மக்கள் வாசலில் படுக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுப்பதை ரோந்து போன காவலர்கள் கவனித்தார்கள். கண்காணிப்பாளர் ரெமா ராஜேஸ்வரி ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு காவலரைப் பொறுப்பாக்கினார். அந்தக் காவலரின் போன் எண் ஊருக்குத் தெரியும். ஊரின் வாட்ஸ்அப் குழுக்களில் அவரும் இருந்தார். தப்பட்டை அடிப்பவர்களையும் பாட்டுக்காரர்களையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வதந்தியைப் பற்றிப் பாடினார்கள். சந்தேகத்தின் பேரில் வெளியாள்களை மக்கள் பிடித்தபோது காவலருக்கு முதலில் போன் வந்தது, உயிர்கள் தப்பின. ஊருக்குப் பழகிய முகம் கும்பல் கூடும் அந்த அரை மணி நேரத்தில் வந்து நின்றது, அதுதான் வித்தியாசம். பழகாத ஆளை அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் அதே ஆண்டு ஜூன் 28 அன்று திரிபுரா காட்டியது. வதந்தியை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க அரசு கூலிக்கு அமர்த்திய மனிதரையே, பிள்ளை பிடிப்பவன் என்று சொல்லி அடித்துக் கொன்றார்கள்.

2018 ஜூலை 17 அன்று தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுகளில் முதன்மையானது இது: ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஒருவர், கும்பல் வன்முறையைத் தடுப்பதற்கான பொறுப்பு அதிகாரியாக இருக்க வேண்டும். வெறுப்பைப் பரப்புகிறவர்களைப் பற்றி முன்கூட்டியே தகவல் திரட்ட அவருக்குக் கீழே ஒரு குழு வேண்டும். விசாரணை விரைவு நீதிமன்றத்தில், கூடுமானவரை ஆறு மாதங்களுக்குள் முடிய வேண்டும். கடமை தவறிய அதிகாரிமீது நடவடிக்கை வேண்டும். மாலை போடுகிறவர்களுக்கும் வங்கிக் கணக்கை நிரப்புகிறவர்களுக்கும் எதிராகப் பாயக்கூடிய சட்டப் பிரிவுகள் அந்த அதிகாரியின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன.

திருவள்ளூர் மாவட்டத்தில் அந்தப் பொறுப்பை வகிக்கும் அதிகாரியின் பெயரும் எண்ணும் தோணிரேவு முதல் லைட்ஹவுஸ் குப்பம் வரை ஒவ்வொரு ஊரிலும் ஏலக்கூடச் சுவரில், ரேஷன் கடையில், ஜமாத் அலுவலகத்தில், மாதா கோயில் வாசலில் எழுதப்பட வேண்டும். காற்று எச்சரிக்கை வரும் அதே வாட்ஸ்அப் குழுவில், ஊர் அறிந்த ஒரு காவலர் இருக்க வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக வைத்துத் தீர்மானம் போட எந்தத் தடையும் இல்லை.

கட்டுரையாளர், இணையவழி வெறுப்புப் பரப்பலையும் கும்பல் வன்முறையையும் ஆய்ந்துவருபவர்.